அக்கி எழுதிய முகம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். பஸ் ஓட்டுகிறவனுக்கு அது ஆகாது என்று கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி சொல்லி வருகிறாள். அப்போது நான் சிதம்பரத்திலிருந்து கடலூர் பக்கத்துச் செம்மங்குப்பத்துக்குக் கம்பெனி ஆட்களை ஏற்றிப் போகும் ஷிஃப்ட் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தேன். குறுக்கே வரும் பைக்குக்காரனைத் திட்டுவேன், ரோட்டில் நெல் காய வைத்திருப்பவர்களைத் திட்டுவேன், திட்ட ஆள் கிடைக்காத நாளில் வெயிலைத் திட்டுவேன். அதனால் ஒருநாள் சாயங்காலம் நெற்றியின் வலது பக்கம் தீயாக எரிந்தபோது முதலில் வெயிலைத்தான் திட்டினேன். கடலூரிலிருந்து தெற்கே திரும்பி வரும்போது மேற்கு வெயில் முழுக்க டிரைவர் பக்கம்தான் விழும். அந்தச் சூடுதான் என்று நினைத்து, ஈரத் துண்டை நெற்றியில் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலையில் கண்ணாடியைப் பார்த்தால், முடி ஆரம்பிக்கும் இடத்திலிருந்து புருவம் வரைக்கும் சின்னச் சின்னக் கொப்புளங்கள். வலது கண்ணிமை தடித்துக் கிடந்தது. முகத்தின் இடது பாதியில் ஒன்றுமே இல்லை. நடு நெற்றியில் யாரோ கோடு கிழித்துப் பங்கு பிரித்த மாதிரி இருந்தது.

என் மனைவி ஒரு பார்வைதான் பார்த்தாள். "அக்கிங்க இது. சூட்டோட சூட்டுல ஒக்காந்து ஓட்டினா வராம என்ன பண்ணும்?"

நான் அதைச் சட்டை செய்யாமல் பஸ்ஸை எடுத்தேன். என் சீட்டுக்குப் பின்னால் எப்போதும் உட்காருகிறவன் என் மச்சான், மனைவியின் தம்பி. செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை. எனக்கு முன்னால் மாட்டியிருக்கும் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, கண்ண கெடுத்துக்காதீங்க. ஆளுங்கள எறக்கி வுட்டுட்டு நேரா கண்ணு டாக்டர்கிட்ட போங்க" என்றான். அவன் சொல்லி நான் கேட்ட விஷயங்கள் குறைவு. அன்று வலி கேட்க வைத்தது.

கடலூர் கண் டாக்டர் என் கண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் மூக்கு நுனியைப் பார்த்தார். அங்கே ஒரே ஒரு கொப்புளம் இருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் போவது ஒரே நரம்பின் கிளைதான் என்றார். சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமி நரம்புக்குள்ளேயே தூங்கிக் கிடந்து இப்போது எழுந்திருக்கிறது, அது கண்ணின் கருவிழிக்குள் இறங்கினால் பார்வை போகலாம் என்றார்.

"அது எறங்காம அமுக்கத்தான் இந்த மாத்திரை. ஒரு வேளை தவறக் கூடாது. என்ன ஆனாலும் தவறக் கூடாது" என்று சொல்லி, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்.

ஒரு கண்ணில் பார்வை போனவனுக்குப் பெரிய வண்டி ஓட்ட லைசென்ஸ் கிடையாது. எனக்கு வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. நாற்பது பேர் நம் முதுகுக்குப் பின்னால் நம்பித் தூங்கிக்கொண்டு வரும் அந்தக் காலை நேரம் எனக்குப் பிடிக்கும். அதை விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவனாக ஆகிவிடுவேனோ என்று பயந்துபோனேன். சாமி கும்பிடுவதில்கூட நான் அவ்வளவு ஒழுங்கு கிடையாது. அந்த மாத்திரையை அப்படி ஒழுங்காக விழுங்கினேன். போனில் அலாரம் வைத்து, அலாரம் அடிப்பதற்கு முன்பே தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருப்பேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே வேறு. ஆனால் எங்கள் பக்கத்தில் அக்கி வந்தால் எழுத வேண்டும். கீரப்பாளையம் தாண்டி உள்ளே ஒரு ஊரில் மண்பாண்டம் செய்கிற பெரியவர் ஒருவர் அக்கி எழுதுவார். செங்காவியைத் தண்ணீரில் குழைத்து, கோழி இறகால் தொட்டு, வாய்க்குள் ஏதோ மந்திரம் சொல்லிக்கொண்டே கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கம் மாதிரி ஒன்றை வரைந்து, மேலே முழுக்கக் காவியைப் பூசி விடுவார். எழுதினால் அந்த இடத்தில் தண்ணீர் படக் கூடாது. அவர் சொல்கிற வரைக்கும் குளிக்கக் கூடாது. "டாக்டருக்கு டாக்டர், எழுதுறதுக்கு எழுதுறது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்ட போட்டுக்காது" என்றாள் என் மனைவி. எனக்கும் அது சரி என்றே பட்டது. காவி காய்ந்து இறுகும்போது அந்த எரிச்சலுக்குக் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே இருந்தது.

நெற்றிக் கொப்புளங்கள் அடங்கத் தொடங்கின. லீவு போட்டுவிட்டு வீட்டில் கிடந்தேன். வாரம் முடியப் போகிற சமயத்தில் கழுத்தில் அரிப்பு ஆரம்பித்தது. பார்த்தால் சிவப்புச் சிவப்பாகத் திட்டுகள். பிறகு மார்பில், பிறகு முதுகில்.

"அக்கி எறங்குதுங்க" என்றாள் மனைவி. குரலில் பயம். மச்சான், கம்பெனிக் காற்றாக இருக்கும் என்றான். எதற்கெடுத்தாலும் அதைச் சொல்வது அவனோடு வேலை செய்கிறவர்களின் வழக்கம். இதில் அதற்கு ஒரு பங்கும் இல்லை என்பது பிறகு தெரிந்தது. மறுபடியும் பெரியவரிடம் போனோம். அவர் நல்ல மனுஷன். கையைத் தொட்டுப் பார்த்து, "உள்சூடு வெளிய வருது, வரட்டும்" என்று சொல்லிக் கழுத்து, மார்பு, முதுகு என்று எங்கெல்லாம் சிவந்திருந்ததோ அங்கெல்லாம் எழுதினார். கண்ணாடியில் பார்த்தால் இடுப்புக்கு மேலே நான் முழுக்கச் செங்காவி. தெருக்கூத்துக்கு வேஷம் கட்டிவிட்டுப் பாதியில் ஓடிவந்தவன் மாதிரி இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல் ஏறியது. உதடு வெடித்தது, வாய்க்குள் புண், சோறு இறங்கவில்லை. கண் இரண்டும் உறுத்தின. அக்கி கண்ணுக்குள் இறங்குகிறது என்று நினைத்தேன். அதனால் என்ன செய்தேன் என்றால், மாத்திரையை இன்னும் ஒழுங்காக விழுங்கினேன். தொண்டையில் இறங்காதபோது பொடி செய்து கஞ்சியில் கலந்து குடித்தேன்.

டாக்டர் வரச் சொன்ன நாளில் மச்சான் காரெடுத்து வந்து எங்களைக் கடலூருக்கு அழைத்துப் போனான். என்னைப் பார்த்ததும் அங்கே காத்திருந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். மரியாதையா பயமா தெரியவில்லை. டாக்டர் எழுந்து கிட்டே வந்தார். பிறகு, "இதக் கழுவிட்டு வாங்க. எனக்குத் தோல் தெரியணும்" என்றார்.

"தண்ணி படக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சார்" என்றாள் என் மனைவி.

"சரிம்மா. நீங்களே தொடச்சி வுடுங்க. தேய்க்காதீங்க. மெதுவா."

பின்பக்கம் ஒரு குழாய் இருந்தது. ஸ்டூலில் என்னை உட்கார வைத்து, புடவைத் தலைப்பை நனைத்து நனைத்துக் கழுத்திலிருந்து துடைத்தாள். காவித் தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடியது. துடைத்தாள், துடைத்தாள். தரையில் ஓடும் தண்ணீர் தெளிந்துவிட்டது. அவள் கை மட்டும் நிற்கவில்லை.

"போவ மாட்டேங்குது" என்றாள்.

"காவியா?"

"காவி போயிடுச்சிங்க. செவப்பு போவல."

குனிந்து என் மார்பைப் பார்த்தேன். காவி இருந்தபோது இருந்ததைவிடச் சிவப்பாக இருந்தது. அவள் தலைப்பு பட்ட ஓர் இடத்தில் தோல் ஈரக் காகிதமாக உரிந்து சுருண்டது. இத்தனை நாளும் இது எங்கள் கண் முன்னாலேயே வளர்ந்திருக்கிறது. நாங்கள் அதன் மேலேயே அதே நிறத்தைப் பூசி மூடி வைத்திருந்தோம். என் மனைவி தலைப்பைப் பிழியக்கூட மறந்து நின்றாள்.

டாக்டர் வந்து பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "இது அக்கி இல்ல. மாத்திரை உங்க ஒடம்புக்கு ஒத்துக்கல. ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட இப்பிடி ஆவறதில்ல. இனிமே ஒரு வேளைகூட போடக் கூடாது" என்றார். எழுதியதால் ஒன்றும் கெடவில்லை, ஆனால் அது தோலை மறைத்துவிட்டது, முன்பே தெரிந்திருந்தால் முன்பே நிறுத்தியிருக்கலாம் என்றும் சொன்னார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் பதிலடிக்குத் தயாராக இருந்தேன். அவர் திட்டவில்லை.

கடைசியில், "மாத்திரைய நிறுத்தினா கண்ணு?" என்று கேட்டேன்.

"முக்கியமான நாளுங்கள தாண்டிட்டீங்க. பெரும்பாலும் ஒண்ணும் ஆவாது. ஆனா பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார். 'பெரும்பாலும்' என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சிதம்பரம் வரைக்கும் வந்தேன். கடலூர் டாக்டர் எழுதிக் கொடுத்தபடி அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்தார்கள்.

தோல் டாக்டர் ஓர் அம்மா. என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஊசி, சொட்டு மருந்து என்று நர்ஸிடம் சொன்னதற்கு அடுத்தபடியாக என் மச்சானிடம் சொன்னது, "வாழையிலை வேணும். தெனமும் வேணும். நெறைய வேணும்" என்பதுதான். படுக்கை விரிப்பு புண்ணில் ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும், வாழையிலையில் ஒட்டாது.

கடலூருக்கு மேற்கே மேட்டு நிலமெல்லாம் வாழைத் தோட்டம். அங்கிருந்து கம்பெனிக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். மச்சான் ஒரு வார்த்தை சொன்னதுதான், மறுநாளிலிருந்து ஷிஃப்ட் முடிந்து திரும்பும் பஸ்ஸில் இலைக்கட்டு வர ஆரம்பித்தது. என் பஸ்ஸில். எனக்குப் பதிலாக ஓட்டிய டிரைவர் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, ஹாரனை இரண்டு முறை அடிப்பார். வார்டு வரைக்கும் கேட்கும். கிளட்சை அவர் சரியாக விடவில்லை என்பதும் கேட்கும். பல்லைக் கடித்துக்கொள்வேன்.

நர்ஸ் இலையைத் துடைத்து விரிப்பார். உடம்பு முழுக்க எண்ணெய் மாதிரி ஒரு மருந்தைத் தடவி என்னை அதில் படுக்க வைப்பார்கள். பார்க்க வந்த கம்பெனிப் பையன்கள் கதவருகே நின்று, "மாமா, சாம்பார் ஊத்தவா, நேரா ரசத்துக்குப் போயிடலாமா?" என்பார்கள். சிரித்தால் உதடு வெடிக்கும். சிரிக்காமலும் இருக்க முடியாது. வலியில் செத்துக்கொண்டிருக்கும்போது கிண்டல் செய்கிறவனை ஓங்கி அறையத் தோன்றும். ஆனால் அவர்கள் வராத நாளில் வார்டே வெறிச்சென்று இருந்தது.

ஆனால் அவர்களை நான் பார்க்கவில்லை. குரலை மட்டும்தான் கேட்டேன். முகம் வீங்கி இரண்டு இமைகளும் மூடிக்கொண்டுவிட்டன. அந்த ஆஸ்பத்திரிக் கண் டாக்டர் தினமும் வந்து இமையைப் பிரித்து டார்ச் அடிப்பார். களிம்பு போட்ட கண்ணில் மஞ்சளாக ஒரு மங்கல் வெளிச்சம் வரும், போகும். "என்ன தெரியுது?" என்பார். "வெளிச்சம்" என்பேன். "சரி" என்பார். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று அடுத்த நாள் அவர் வரும் வரைக்கும் யோசித்துக்கொண்டு கிடப்பேன்.

வலது கண்ணுக்குப் பின்னால் ஒரு குத்தல் வந்து வந்து போனது. கிருமி உள்ளே வேலை செய்கிறது என்றே எனக்குத் தோன்றியது. ஒருநாள் மதியம், பக்கத்தில் நர்ஸ் இல்லை என்று தெரிந்துகொண்டு மனைவியிடம் கேட்டேன்.

"அந்த மாத்திரை மீதி இருக்குதா?"

"இருக்குது. பையில."

"ரெண்டு குடு."

பையைத் திறக்கும் சத்தம் வரவில்லை. எனக்கு வழக்கம்போலக் கோபம் வந்தது. "தோலு போனா வளரும். கண்ணு போனா வளருமா? பாதிக் கண்ண வெச்சிக்கிட்டு நான் என்னத்த ஓட்டறது? குடுன்னு சொல்றேன் இல்ல."

அவள் நாற்காலியை இழுத்து என் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தது கேட்டது. "ஒரு கண்ணு போனா போவட்டும். நான் கையப் புடிச்சிக் கூட்டிக்கிட்டுப் போறேன். நீங்க போயிட்டா நான் ரெண்டு கண்ண வெச்சிக்கிட்டு யார பாக்கறது?" என்றாள். சொல்லிவிட்டு உடனே, எதுவும் நடக்காத மாதிரி, "இன்னிக்கு வந்த இல ரொம்ப பெருசு. கல்யாண வூட்டுக்கு வெட்டினதயே தூக்கிக் குடுத்துட்டாங்க போலருக்கு" என்று சிரித்தாள். நான் பிறகு மாத்திரை கேட்கவில்லை.

அந்த நாட்களில் அவள் குரல்தான் எனக்கு ஊர் உலகம். ஜன்னல் வழியே தெரிவதையெல்லாம் சொல்வாள். எதிர் வார்டில் ஒருவர் ஃபேனுக்குக் கீழே யார் படுப்பது என்று சண்டை போடுகிறார், நம்ம பஸ்ஸை அந்தப் புது டிரைவர் நடு ரோட்டிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார், பின்னால் ஒருத்தன் உங்களை மாதிரியே திட்டுகிறான். ஸ்பூனில் இளநீர் கொடுக்கும்போது, "வாயத் தொறங்க. திட்றதுக்கு மட்டும் நல்லா தொறக்குது இல்ல" என்பாள். ஒருமுறைகூட அந்தக் குரல் உடையவில்லை. இவளுக்கு எவ்வளவு தைரியம் என்று ஆச்சரியப்பட்டேன். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. ஒருவேளை என் நிலைமை நான் நினைக்கிற அளவுக்கு மோசமில்லை போலிருக்கிறது, மோசமாக இருந்தால் இவளால் இப்படிச் சிரிக்க முடியுமா என்று அந்தக் குரலை வைத்தே மனதைத் தேற்றிக்கொண்டேன்.

காய்ச்சல் விட்டது. புதிதாகத் தோல் உரிவது நின்றது. பழைய புண்கள் காய்ந்து, கீழே குழந்தையின் தோல் மாதிரி இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வருகிறது என்று மனைவி சொன்னாள். டாக்டரம்மா வந்து முதுகை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, இனி இலை வேண்டாம், பழைய வேட்டி போதும் என்றார். அன்று சாயங்காலமும் வாசலில் ஹாரன் அடித்தது. மச்சான் போய் இலைக்கட்டை வாங்கி ஆஸ்பத்திரிச் சமையலறையில் கொடுத்துவிட்டு வந்தான்.

முக வீக்கம் வடிந்த பிறகு ஒரு காலை கண் டாக்டர் வந்தார். வழக்கமான டார்ச் இல்லை. நர்ஸை விட்டு வெந்நீரில் நனைத்த பஞ்சால் இமைகளில் ஒட்டியிருந்த களிம்பை எல்லாம் துடைக்கச் சொன்னார். நிறைய நேரம் துடைத்தார்கள். இடது கண்ணைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அதில் அக்கி வரவில்லை. டாக்டர் தன் உள்ளங்கையால் அந்த இடது கண்ணைப் பொத்தினார்.

"வலது கண்ண தொறங்க. அவசரமில்ல."

திறக்கப் பயமாக இருந்தது. மூடியிருக்கும் வரைக்கும் என்ன ஆகியிருக்கிறது என்று தெரியாது, திறந்தால் தெரிந்துவிடும். நானாகத் திறக்கட்டும் என்று அவர் காத்திருந்தார். திறந்தேன். முதலில் வெளிச்சம் குத்தியது, தண்ணீர் கொட்டியது. பிறகு ஜன்னலின் கம்பி. பிறகு கட்டிலின் கால்மாட்டில் யாரோ நிற்பது. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

என் மனைவிதான். இத்தனை நாளாக நான் குரலாக மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தவள். ஆள் பாதியாகியிருந்தாள். தலை வாரவில்லை. கண் இரண்டும் ஒரு நாள் அழுகையில் வீங்கியவை அல்ல. தினமும் அழுது, தினமும் துடைத்து, சுற்றிலும் கறுத்துப்போய் இருந்தன. வாயைத் தலைப்பால் இறுக்கிப் பொத்தியிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சத்தம் மட்டும் துளியும் வரவில்லை. அதில் அவளுக்கு நன்றாகப் பழக்கம் ஆகியிருந்தது.

"என்ன தெரியுது?" என்றார் டாக்டர்.

"என் பொண்டாட்டி அழுவறா" என்றேன்.

"நான் ஒண்ணும் அழுவலயே" என்றாள் அவள், எப்போதும்போலச் சிரிக்கிற அதே குரலில்.